மலையேறும் மடிக்கணினிக்கு எந்தப் பூட்டு?

ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் கம்பத்திலிருந்து விடியுமுன் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் ஏறுகிற ஜீப்புகளில், தூக்குவாளிகளுக்கும் மழைக்கோட்டுகளுக்கும் நடுவே கணக்கு எழுதுகிறவரின் லேப்டாப் பையும் இப்போது ஒரு பயணியாகிவிட்டது. அந்தப் பைக்குள் இருப்பவற்றை எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. இந்த வாரத்துச் செக்ரோல் என்கிற வருகை-கூலிப் பதிவேடு, கூலி வாங்கும் ஐம்பது அறுபது பேரின் ஆதார் நகல், அவர்களுடைய வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், புத்தடி மின்னேலத்திலும் போடியிலும் விற்ற காய்க்கான பட்டியல்கள், தோட்டக்காரரின் வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி தளத்துக்கான நுழைவுச்சொல் என எல்லாமே ஒன்றரைக் கிலோ எடைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான மலைப்பாதையில் அது தினமும் ஏறி இறங்குகிறது.

நான் அந்தப் பையைச் சுமக்கிறவர்களில் ஒருவன். தொழில் செய்கிறவர்கள் கூடுமிடத்தில் “லேப்டாப்புக்கு எந்த பாஸ்வேர்ட் சாஃப்ட்வேர் நல்லது?” என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. பை தொலைந்தால் என்ன ஆகும் என்பது ஒன்று. அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் திறந்து பார்க்காமலிருக்க வேண்டும் என்பது இன்னொன்று. பழுது பார்க்கக் கொடுக்கும்போது கடைக்காரர் கண்ணில் படக் கூடாது என்பது மூன்றாவது. நாற்பது தளங்களுக்கான நாற்பது கடவுச்சொற்களை எங்கே வைப்பது என்பது நான்காவது. இவற்றுக்கெல்லாம் ஒரே மென்பொருள் விடையாகாது. சிலவற்றுக்கு மென்பொருள் வாங்கவே தேவையில்லை, கணினியோடு வந்ததே போதும்.

முதல் கேள்விக்கான விடை பலருக்கு அதிர்ச்சி தருவதால், அதை நான் சொல்லிக்காட்டுவதைவிடச் செய்துகாட்டுவதே வழக்கம். என்னிடம் விசைப்பலகை செத்துப்போன பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. திறந்தால் கடவுச்சொல் கேட்கும், தப்பாக அடித்தால் உள்ளே விடாது. அதைக் கவிழ்த்துப் போட்டு, சிறிய திருப்புளியால் அடிமூடியின் திருகுகளைக் கழற்றினால், சூயிங்கம் பட்டை அளவில் ஒரு பச்சைத் தகடு தெரியும், அதுதான் கோப்புகளையெல்லாம் சேமித்துவைக்கும் எஸ்எஸ்டி. அதைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகையும் கழற்றிவிட்டால் தகடு தானே மேலெழும்பும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் யுஎஸ்பி உறைக்குள் அதைச் செருகி வேறொரு கணினியில் பொருத்தினால், என் பெயருள்ள அடைவு (ஃபோல்டர்), அதற்குள் ‘ஆதார்’ என்ற அடைவு, அதற்குள் படங்கள் என எல்லாம் வரிசையாகத் திறக்கும். விண்டோஸ் சில அடைவுகளுக்கு முன் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று முணுமுணுக்கும். ‘தொடர்க’ பொத்தானை அழுத்தினால் அதுவும் அடங்கிவிடும். வேலை முடியப் பத்து நிமிடம் ஆகாது. கடவுச்சொல்லை எந்தக் கட்டத்திலும் யாரும் கேட்பதில்லை.

காரணம் எளிது. கணினி தொடங்கும்போது கேட்கும் கடவுச்சொல் விண்டோஸ் என்ற காவலாளி கேட்பது. காவலாளியை எழுப்பாமல் பின்பக்கமாக வருகிறவனை அவன் கேட்பதற்கில்லை. தட்டில், அதாவது அந்த எஸ்எஸ்டியில், எழுதப்பட்ட எழுத்துகள் எழுதியபடியே இருக்கின்றன. தட்டைக் கழற்றத் தேவையும் இல்லை. லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினாலே போதும். விண்டோஸுக்கும் முன்னால் இயங்கும் பயாஸில் வைக்கும் கடவுச்சொல் இந்தப் பென்டிரைவ் வழியை மட்டும் அடைக்கும், தட்டைக் கழற்றுகிறவனை அதுவும் தடுக்காது. எனவே பை தொலைவதைப் பற்றிய கவலைக்கு ஒரே மருந்து, தட்டில் எழுதப்படும் ஒவ்வொரு எழுத்தையும் சாவி இல்லாமல் வாசிக்க முடியாத குப்பையாக மாற்றி எழுதுவது. இதைத்தான் குறியாக்கம் என்கிறோம். ஒரு மென்பொருளின் விளம்பரத்தில் ‘லாக்’, ‘ஷீல்டு’, ‘வால்ட்’ என்று என்ன பெயர் இருந்தாலும், அது குறியாக்கம் செய்கிறதா, எதைச் செய்கிறது, சாவி எங்கே இருக்கிறது என்ற மூன்றை மட்டும் கேட்டால் மீதி விளம்பரத்தைப் படிக்க வேண்டியதில்லை.

விண்டோஸில் இந்த வேலையைச் செய்வது பிட்லாக்கர். விஸ்டா காலத்திலிருந்தே இருக்கிறது. புரோ, என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் முழுமையாகக் கிடைக்கும். நம் பக்கத்தில் விற்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் இருக்கும் ஹோம் பதிப்பில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்ற பெயரில் அதன் சுருங்கிய வடிவம் இருக்கிறது. செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குள் தேடினால் தெரியும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக விண்டோஸ் 11 நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்குடன் நுழைந்தால், வன்பொருள் இடம்கொடுக்கும் கணினிகளில் இது தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. ஆப்பிள் கணினிகளில் ஃபைல்வால்ட் உண்டு. முழுத் தட்டையும் குறியாக்கும் இப்போதைய வடிவம் 2011-இல் வந்தது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில், நிறுவும்போதே லக்ஸ் என்ற முறையில் தட்டைக் குறியாக்கலாம். இவை எதற்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பிட்லாக்கர் எப்படி வேலை செய்கிறது என்று ஓரளவு தெரிந்துகொள்வது பின்னால் வரும் சங்கடங்களைத் தவிர்க்கும். தட்டு முழுவதையும் ஒரு ரகசிய எண் கொண்டு ஏஇஎஸ் முறையில் குறியாக்குகிறார்கள். 2001-இல் அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் ஏற்றுக்கொண்ட இந்த முறையை, நேரடியாக உடைக்கும் நடைமுறை வழி எதுவும் இன்றுவரை வெளிவரவில்லை. அந்த ரகசிய எண்ணைப் பூட்டி வைக்கும் சாவியைத் தாய்ப்பலகையிலோ செயலிக்குள்ளோ (பிராசசர்) இருக்கும் டிபிஎம் என்ற சில்லு காக்கிறது. தொடங்கும் மென்பொருளில் யாரும் கைவைக்கவில்லை என்று உறுதியானால்தான் சில்லு சாவியைக் கொடுக்கும். தட்டு மட்டும் கழற்றப்பட்டு வேறு கணினிக்குப் போனால் அங்கே அந்தச் சில்லு இல்லை. ஆகவே நான் செய்துகாட்டும் பத்து நிமிட வித்தை பிட்லாக்கர் போட்ட தட்டில் பலிக்காது. 2021-இல் விண்டோஸ் 11 வெளிவந்தபோது டிபிஎம் 2.0 கட்டாயம் என்று மைக்ரோசாஃப்ட் அடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் ஓட்டை இல்லையா என்றால், உண்டு. வழக்கமான அமைப்பில் டிபிஎம் யாரையும் எதுவும் கேட்காமலேயே சாவியைக் கொடுத்து, நுழைவுத் திரை வரை கொண்டுவந்து விட்டுவிடுகிறது. சில பழைய கணினிகளில் அந்தச் சில்லிலிருந்து செயலிக்குச் சாவி போகும் கம்பியை ஒட்டுக்கேட்டு, மலிவான ராஸ்பெர்ரி பை பீக்கோ பலகை ஒன்றைக் கொண்டு 43 நொடியில் சாவியைப் பிடித்துவிட்டதாக ஓர் ஆய்வாளர் 2024-இல் செய்துகாட்டினார். புரோ பதிப்பில், கணினி தொடங்குமுன்பே ஒரு பின் எண் கேட்கும்படி அமைத்தால் இந்த வழி அடைபடும். ஆனால் குமுளிப் பேருந்து நிலையத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் கம்பியை ஒட்டுக்கேட்கப் போவதில்லை. அவன் நேரே பழைய சாமான் கடைக்குத்தான் போவான். அந்த அளவுக்கு இலக்காகக்கூடிய பெரும்புள்ளியின் கணக்கைப் பார்க்கிறவர் பின் எண் போட்டுக்கொள்ளட்டும். மற்றவர்கள் கவனிக்க வேண்டியது வேறொரு சின்னப் பழக்கம்: மூடியை மட்டும் மடக்கிப் பைக்குள் வைத்தால் கணினி தூங்குகிறதே தவிர அணைவதில்லை, சாவி நினைவகத்தில் இருந்துகொண்டே இருக்கிறது. மலையிறங்குமுன் முழுதாக அணைத்துவிடுவது நல்லது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறோம். இந்தத் தொழிலில் நான் பார்த்தவரை, திருடனால் தரவை இழந்தவர்களைவிடத் தன் பூட்டாலேயே தரவை இழந்தவர்கள்தான் அதிகம்.

பிட்லாக்கருக்கு ஒரு மீட்புச் சாவி உண்டு: ஆறு இலக்கம் கொண்ட எட்டுத் தொகுதி, மொத்தம் 48 இலக்கம். தாய்ப்பலகை மாறினால், பயாஸ் புதுப்பிப்பு வந்தால், தொடங்கும் அமைப்பில் ஏதாவது மாற்றம் தெரிந்தால், டிபிஎம் சந்தேகப்பட்டுச் சாவி தர மறுத்துவிடும். அப்போது நீலத் திரை ஒன்று வந்து அந்த 48 இலக்கத்தைக் கேட்கும். அதைக் கொடுக்க முடியாவிட்டால் உள்ளே இருப்பது உங்களுக்கும் குப்பைதான். மைக்ரோசாஃப்டும் திறந்து தராது, கடைக்காரராலும் முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் தவறான புதுப்பிப்பால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது, சரிசெய்யும் வழி சில நிமிட வேலையாகத்தான் இருந்தது. ஆனால் பிட்லாக்கர் போட்ட கணினிகளில் அந்த வழிக்குள் நுழையவே மீட்புச் சாவி கேட்டதால், பெரிய நிறுவனங்களே சாவிப் பட்டியலைத் தேடி அலைந்தன.

நம் ஊர்களில் இதன் கிளைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ஹோம் பதிப்பில் மீட்புச் சாவி, முதன்முதலில் நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய்ச் சேர்கிறது. புது லேப்டாப்பை விற்கிற கடையில், வாங்குகிறவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் தயாராக இருக்க வேண்டுமென்று, கடைப் பையன் தன் மின்னஞ்சலையே போட்டு நுழைந்துவிடுவதுண்டு. என் முந்தைய லேப்டாப்பில் அப்படித்தான் நடந்திருந்தது. இரண்டு வருடம் கழித்துத் தாய்ப்பலகை மாற்றியபோது நீலத் திரை வந்தது. என் கணக்கில் தேடினால் சாவியே இல்லை. விற்ற கடையில் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டிருந்தான். அவன் எண்ணைக் கண்டுபிடித்து, அவன் தன் பழைய கணக்கின் கடவுச்சொல்லை நினைவுபடுத்தி, 48 இலக்கத்தையும் தொலைபேசியில் வாசித்துக்காட்ட மூன்று நாள் ஆயிற்று. அது ஏலக்காய் விற்று முடிந்த வாரம் என்பதால் அந்த மூன்று நாளை நான் இன்னும் மறக்கவில்லை. என் தரவுக்கான சாவி இரண்டு வருடமாக முன்பின் தெரியாத ஒருவரின் மின்னஞ்சலில் கிடந்தது என்பதைப் பிறகுதான் யோசித்தேன்.

ஆகவே புதிய கணினி வாங்கினால் செய்ய வேண்டிய முதல் காரியம், அதில் யாருடைய கணக்கு இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டாவது, மீட்புச் சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு எடுப்பது. இணையத்தில் இருக்கிறதே, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பது நகரத்துக்காரருக்குச் சரிப்படலாம். தோட்டத்து ஸ்டோரில் உட்கார்ந்திருக்கும்போது நீலத் திரை வந்தால், அந்த இணையக் கணக்கில் வேறு கருவியிலிருந்து நுழைய வேண்டும். அது கைபேசிக்கு ஓடிபி அனுப்பும். தமிழ்நாட்டு சிம்முக்குச் சிக்னல் பிடிக்க ஏலச்செடிகளுக்கு நடுவே மேட்டில் ஏறி நிற்க வேண்டும். என் காகிதம் கம்பத்தில் வீட்டு இரும்புப் பெட்டிக்குள், நிலப் பத்திரங்களுக்குக் கீழே இருக்கிறது. அதன் நகல் என் தம்பி வீட்டில் இருக்கிறது. லேப்டாப் பைக்குள் மட்டும் அதை வைக்கக் கூடாது. சிரிக்க வேண்டாம், அப்படி வைத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் சாவி இருப்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நீதிமன்ற ஆணையுடன் கேட்கும் அரசு அமைப்புகளுக்கு அந்நிறுவனத்தால் அதைக் கொடுக்க முடியும். இது உறுத்துகிறவர்கள், அல்லது டிபிஎம் 2.0 இல்லாத பழைய ஹோம் கணினி வைத்திருக்கிறவர்கள் நாடக்கூடியது வெராகிரிப்ட். இலவசம், மூலநிரல் திறந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் முன்னோடியான ட்ரூகிரிப்ட்டை அதை எழுதியவர்கள் 2014 மே மாதம் திடீரென்று கைவிட்டார்கள், தங்கள் மென்பொருள் இனிப் பாதுகாப்பானதல்ல என்று தாங்களே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். ட்ரூகிரிப்ட்டிலிருந்து கிளைத்து முனீர் இத்ராசி என்பவர் 2013-இலேயே தொடங்கியிருந்ததுதான் வெராகிரிப்ட். பழைய ட்ரூகிரிப்ட்டைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டு பரிந்துரைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைத் தவிர்ப்பது நல்லது.

வெராகிரிப்ட்டில் எனக்குப் பிடித்தது முழுத் தட்டுக் குறியாக்கத்தைவிட அதன் ‘பெட்டி’ வசதிதான். 5 ஜிபி அளவில் ஒரு கோப்பு உண்டாக்கினால், கடவுச்சொல் கொடுக்கும்போது அது தனி டிரைவாகத் திறக்கும், மூடினால் வெறும் கோப்பாகக் கிடக்கும். கணினி திறந்தே இருக்கும் அலுவலகத்தில், அல்லது பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில், பிட்லாக்கர் எதையும் மறைப்பதில்லை. ஏனென்றால் நுழைந்துவிட்டவருக்கு எல்லாம் திறந்த வீடு. அந்த இரண்டு கவலைகளுக்கும் இந்தப் பெட்டிதான் சரி. ஒரே தொல்லை, மறந்தால் மீட்பு கிடையாது, 48 இலக்கமும் கிடையாது.

‘ஃபோல்டர் லாக்’ வகை மென்பொருள்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவற்றில் பல, அடைவைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவைப்பதோடு சரி; மேலே சொன்ன லினக்ஸ் பென்டிரைவில் தொடங்கினால் பகலில் கோயில் கோபுரம் தெரிவதுபோல அந்த அடைவு தெரியும். உண்மையில் குறியாக்குகிறவையும் உண்டு. விற்கிறவரிடம் ஒரு கேள்வி கேட்டால் இரண்டும் பிரிந்துவிடும்: “கடவுச்சொல்லை மறந்துவிட்டால் நீங்கள் திறந்து தருவீர்களா?” தருவோம் என்றால் வாங்காமல் எழுந்துவிடலாம். அவர்களால் திறக்க முடிந்ததை வேறு யாராலும் திறக்க முடியும். பெட்டியில் ‘வன்பொருள் குறியாக்கம்’ என்று அச்சிட்டு விற்கும் எஸ்எஸ்டிகளிலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கை வைக்க வேண்டாம். 2018-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரபலமான சில தட்டுகளில் சரியான கடவுச்சொல் இல்லாமலே தரவைத் திறக்க முடிந்ததைக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பிட்லாக்கரே தட்டின் சொந்தக் குறியாக்கத்தை நம்பாமல், தானே குறியாக்கும்படி மாற்றப்பட்டது.

நாங்கள் தினமும் புழங்கும் கோப்புகளில் இருக்கும் பூட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. எக்செல்லில் ‘ஷீட்டைப் பாதுகாக்க’ என்று கொடுக்கும் கடவுச்சொல், தவறுதலாக யாரும் சூத்திரத்தை அழித்துவிடாமல் இருப்பதற்கானது. அதைக் கழற்றுவது பள்ளிப் பையன் வேலை. கோப்பையே திறக்கவிடாமல் செய்யும் ‘கடவுச்சொல்லுடன் குறியாக்குக’ என்பது வேறு. அது மெய்யான பூட்டு. கணக்கு மென்பொருளான டாலியிலும் இதே இரட்டை உண்டு. யார் யார் எதைப் பார்க்கலாம் என்று பிரிக்கும் பயனர் கடவுச்சொல் ஒன்று, நிறுவனத்தின் தரவையே குறியாக்கும் டாலிவால்ட் மற்றொன்று. டாலிவால்ட் போட்டால் பட்டியலில் நிறுவனத்தின் பெயர்கூட வெறும் நட்சத்திரக் குறிகளாகத்தான் தெரியும். அதன் கடவுச்சொல் தொலைந்தால் டாலி நிறுவனமும் மீட்டுத் தராது.

ஆதார் தளத்திலிருந்து இறக்கும் பிடிஎஃப் கோப்புக்குக் கடவுச்சொல் இருப்பதால் அது பத்திரம் என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அந்தக் கடவுச்சொல் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும். தொழிலாளியின் பெயரும் வயதும் அதே அடைவிலுள்ள செக்ரோலில் இருக்கும்போது, அந்தப் பூட்டு சாவியோடு சேர்த்துத் தொங்கவிட்ட பூட்டு. கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரை அதே தளம் தருகிறது. பல வேலைகளுக்கு அதுவே போதுமானது, நான் இப்போது அதைத்தான் கேட்டு வாங்குகிறேன்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் அதன் வலிமை கடைசியில் கடவுச்சொல்லில் வந்து நிற்கிறது. எங்கள் பக்கத்தில் மிகப் பரவலான கடவுச்சொல் கைபேசி எண். இந்திய எண்கள் 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்குவதால், இருக்கக்கூடிய மொத்த எண்களே 400 கோடிதான். விண்டோஸ் கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமித்துவைக்கும் சுருக்கத்தை (ஹாஷ்) பிடித்துவிட்டால், விளையாட்டுக்கு வாங்கும் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை நொடிக்குப் பல ஆயிரம் கோடி ஊகங்களைச் சோதிக்கும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பிறந்த தேதி இன்னும் மோசம், நூறு வருடத்துக்கும் சேர்த்து 36,525 தேதிகள்தான்.

அப்படியானால் விண்டோஸே சில இலக்கப் பின் எண்ணைப் பரிந்துரைக்கிறதே என்று கேட்கலாம், நல்ல கேள்வி. அந்தப் பின் எண் டிபிஎம் சில்லோடு கட்டப்பட்டது. சில முறை தவறினால் சில்லு அடைத்துக்கொண்டு காத்திருக்க வைக்கும். அந்தக் கணினிக்கு வெளியே அது செல்லாது. வெராகிரிப்ட் பெட்டியையோ எக்செல் கோப்பையோ திருடியவனை இப்படி யாரும் காக்கவைப்பதில்லை. அவன் தன் இடத்தில் வைத்துக்கொண்டு இரவு பகலாக முயலலாம். ஆகவே அங்கே நீளம் வேண்டும். 20 எழுத்துக்குக் குறைந்தால் வெராகிரிப்ட்டே எச்சரிக்கிறது.

நீளமானதை நினைவில் வைக்க ஒரு பழைய வழி 1995-இல் ஆர்னால்டு ரைன்ஹோல்டு வகுத்த டைஸ்வேர். ஐந்து முறை பகடை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல்லை எடுப்பது. இப்படி ஆறு சொற்கள் எடுத்தால் கிடைக்கும் சேர்க்கைகளின் எண்ணிக்கை 2-க்குப் பின் 23 சுழியம் போட்டால் வருவதைவிடச் சற்று அதிகம். பட்டியல் தமிழ்ச் சொற்களால் ஆனதாகவும் இருக்கலாம், ரோமன் எழுத்தில் அடிக்க வேண்டியதுதான். அதில் ஒரு சிக்கலை அனுபவத்தில் கண்டேன். ‘வாழை’, ‘பழம்’, ‘மழை’ போன்ற ழகரச் சொற்களை இன்று ‘இசட் எச்’ போட்டு எழுதியவர் ஆறு மாதம் கழித்து வெறும் ‘எல்’ போட்டு எழுதி, தன் பெட்டிக்கு வெளியே தானே நிற்பார். ழ, ள, ற வரும் சொற்களையும், நெடில் வரும் சொற்களையும் தள்ளிவிட்டு, ஒரே விதமாக மட்டும் எழுதக்கூடிய சொற்களை எடுப்பது நல்லது. எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் முதல் அடி இதற்கு ஆகாது. உடைப்பவர்களிடமும் பாட்டுப் பட்டியல் இருக்கும். தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்ற ஆசையும் வேண்டாம். கணினி தொடங்குமுன் வரும் திரைகளுக்குத் தமிழ் விசைப்பலகை தெரியாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்று, ஒரு குறியீடு சேர், ஒரு பெரிய எழுத்து சேர் என்ற பழைய விதிகளை நிஸ்ட்டே 2017-இல் கைவிட்டுவிட்டது. அப்படி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் 1, 2, 3 என்று எண்ணைத்தான் கூட்டுகிறார்கள்.

நாற்பது தளங்களின் கடவுச்சொற்களுக்குத் தேவைப்படுவது கடவுச்சொல் பெட்டகம். உலாவியிலேயே சேமித்துவைப்பது ஒன்றுமே இல்லாததற்கு மேல். ஆனால் உங்கள் கணக்கில் நுழைந்த எந்தத் தீநிரலும் அதை எளிதில் வாரிக்கொண்டு போகும். பிட்வார்டன் போன்ற இணையப் பெட்டகங்கள் கணினி, கைபேசி இரண்டிலும் ஒத்திசையும், அடிப்படை வசதி இலவசம். கீபாஸ் முழுவதும் உங்கள் கணினியிலேயே ஒரு கோப்பாக இருக்கும், சிக்னல் இல்லாத தோட்டத்திலும் திறக்கும். எனக்கு அதுதான் ஒத்துப்போகிறது. இணையப் பெட்டகம் என்றால் 2022-இல் லாஸ்ட்பாஸுக்கு நேர்ந்தது நினைவுக்கு வரும். வாடிக்கையாளர்களின் பெட்டகப் படிகளையே திருடர்கள் நகலெடுத்துப் போனார்கள். கடவுச்சொற்கள் குறியாக்கப்பட்டிருந்தன, தள முகவரிகள் திறந்தே கிடந்தன. நீளமான முதன்மைக் கடவுச்சொல் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள், குட்டையாக வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

பழுது பார்க்கும் கடையில் “அண்ணே, பாஸ்வேர்டச் சொல்லுங்க, எழுதி ஒட்டிடுறேன்” என்பார்கள். ஒட்டியும் விடுவார்கள், மூடியின் மேலேயே, வாடிக்கையாளர் பெயரோடு சேர்த்து. திரை, விசைப்பலகை, பேட்டரி மாற்றுவதற்கு அது தேவையே இல்லை. மென்பொருள் கோளாறு என்றால், நிர்வாகி உரிமை இல்லாத வேறொரு பயனர் கணக்கை உண்டாக்கி, அதன் கடவுச்சொல்லைக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை நடக்கும். நிர்வாகி உரிமையே வேண்டும் என்றால் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வதுதான் வழி.

குறியாக்கிய தட்டு செத்துப்போனால் மீட்பு நிலையங்களாலும் பெரிதாக உதவ முடியாது. ஆடி மாதத்து ஈரத்தில் குமுளிப் பக்கம் மின்கருவிகள் படும் பாடு தெரிந்தவர்கள் காப்புப்படி (பேக்கப்) இல்லாமல் குறியாக்கத்தில் இறங்க மாட்டார்கள். காப்புப்படி எடுக்கும் பென்டிரைவும் பூட்டியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசலைப் பூட்டிக் கொல்லையைத் திறந்துவைத்த கதைதான். புரோ பதிப்பில் ‘பிட்லாக்கர் டு கோ’ இதைச் செய்யும். ஹோம் பதிப்பால் அப்படிப் பூட்டிய பென்டிரைவைத் திறக்க முடியும், புதிதாகப் பூட்ட முடியாது. ஹோம்காரர்கள் அதற்கும் வெராகிரிப்ட் பெட்டியையே வைத்துக்கொள்ளலாம்.

தொழிலாளர்களின் விவரங்களை வைத்திருப்பவருக்கு இதில் சட்டக் கடமையும் வருகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருப்பவர் நியாயமான பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். 2025 நவம்பரில் வெளியான விதிகள் அந்த ஏற்பாடுகளில் குறியாக்கத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். மறுபக்கம், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஆவது பிரிவின்படி, உரிய அதிகாரியின் ஆணையோடு கேட்டால் குறியாக்கத்தைத் திறந்து தர உதவ வேண்டும். மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறை.

பை உண்மையிலேயே தொலைந்துவிட்டால், எங்கள் பக்கத்தில் முதலில் எழும் கேள்வி எந்த ஊர்க் காவல்நிலையம் என்பது. குமுளியில் ஏறி, லோயர்கேம்ப்பில் இறங்கிப் பார்க்கும்போது பை இல்லை என்றால், அது சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் போனதா இந்தப் பக்கம் போனதா என்று யாருக்குத் தெரியும்? முன்பு இரண்டு பக்கமும் கையை விரித்து அனுப்பிய அனுபவம் பலருக்கு உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லைக்குள் நடந்திருந்தாலும் எந்தக் காவல்நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. புகாரில் லேப்டாப்பின் வரிசை எண் வேண்டும். அது அடிமூடியில்தான் அச்சாகியிருக்கும், அடிமூடி பையோடு போயிருக்கும். வாங்கிய பில்லை, அல்லது அந்த எண்ணின் படத்தை, மீட்புச் சாவிக் காகிதத்தோடு சேர்த்தே வைத்திருந்தால் அன்றைக்குத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காவல்நிலையத்துக்குப் போகும் வழியிலேயே கைபேசியிலிருந்து மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறச் சொல்லிவிட வேண்டும். வங்கிக்கும் ஜிஎஸ்டி தளத்துக்கும் அடுத்து. கம்பம் வந்துசேர்வதற்குள் இவ்வளவும் முடிந்துவிடும், லோயர்கேம்ப்பில் சிக்னல் நன்றாகவே இருக்கிறது.